கார்வாருக்கு வடக்கே

அத்தாவின் வாயோரம் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு கமர்ஜஹான் நிமிர்ந்தாள். தோல் மண்டி சௌகத் அலி கட்டில் பக்கம் குனிந்துகொண்டிருந்தார்.

"ஜப்பாரண்ணே, எம் மகன் கல்யாணத்துல உங்க பிரியாணியக் கொறை சொன்னேன். பொருந்திக்கங்க."

அத்தா கண்ணைத் திறந்தார். "கொறை சொன்னவன் எதுக்குடா மூணு தட்டுத் தின்ன?"

கூடத்தில் சிரிப்பு எழுந்து, உடனே அடங்கியது.

"பொருந்திக்கிட்டேன், போ."

காலையிலிருந்து இப்படித்தான். இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் சொன்னது பேகம்பூர் முழுக்கப் பரவிவிட்டது. மறுமைக்கு எதையும் மிச்சம் வைக்கக் கூடாது. ஒவ்வொருவராக வந்து, ஏதோ ஒரு சின்னப் பிழையைச் சொல்லி, மன்னித்தேன் என்ற பொருத்தத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். கமருடைய பிழை சின்னதில்லை. ஆள் ஒழியட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

அத்தா அப்துல் ஜப்பார், கல்யாணச் சமையல் செய்கிற பண்டாரி. அதற்கு முன் இரண்டு வருஷம், கொழும்பில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பாய்க்கப்பலில் சமையல். சரக்கு ஏற்றாத கப்பல். காற்று போகிற பக்கம் போய், பிடித்த துறையில் நாலு நாள் நின்று, மறுபடி பாய் விரித்துக் கிளம்பும். "சரக்கில்லாம எவனாச்சும் கடல்ல போவானா?" என்று ஊர் கேலி செய்யும். அத்தா அதற்குப் பதில் சொல்ல மாட்டார். திரிகோணமலையில் வாங்கிய மீனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் துரையின் கடிதம் வந்தது. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த கமருக்கு மட்டும்தான். ஜனவரியில் கொச்சியிலிருந்து கரையோரமாகவே பம்பாய்க்குப் போகிறேன், நீயும் வா என்று எழுதியிருந்தது. பொட்டப்பிள்ளைக்கு என்ன பள்ளிக்கூடம் என்று மாமா கேட்டுக்கொண்டே இருந்த காலம். அத்தா ஊரில் இருந்ததால்தான் அது வெறும் பேச்சோடு நின்றிருந்தது.

"துரை கப்பல வித்துட்டாராம் அத்தா. சலாம் சொல்லிருக்காரு."

"யாருக்கு வித்தாராம்?"

"எழுதல."

அதன்பின் ஆறு வருஷம் அத்தா கடல் பேச்சையே எடுக்கவில்லை. கமர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள்.

மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். அம்மா ஜெய்தூன் பீவி கஞ்சி காய்ச்ச உள்ளே போனாள். கமர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தா, எனக்கும் பொருத்தம் வேணும்."

"ஒனக்கென்ன? பாலைப் பொங்க விட்டியா?"

"துரை கப்பல விக்கல."

எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளிக்கூடத்தைச் சொன்னாள். கடிதத்தை அடுப்பில் போட்டதைச் சொன்னாள். அத்தா அவள் பக்கம் திரும்பவில்லை. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்தது. அவர் தூங்கிவிட்டார் என்றே அவள் நினைத்தாள்.

"எந்தெந்தத் துறை?"

"என்னத்தா?"

"எங்கெங்க நிக்கிறதுன்னு எழுதிருப்பார்ல."

ஒரு பெயரும் அவளுக்கு மறக்கவில்லை. "கொச்சி."

"விடியக்காலம் கரைக்காத்து வரும். அதுலயே வெளிய போயிரணும். அப்புறம்?"

"கோழிக்கோடு."

"நேந்திரங்கா வாங்கணும். வறுத்தா துரைக்கு உசிரு."

"கண்ணூர், மங்களூர்..."

"ஏ புள்ள, ஓடாத. மெல்லப் போ." மூச்சு வாங்கினார். "மங்களூர்ல ஆத்து வாய்ல மணல் கெடக்கும். கடல் வெள்ளம் ஏறுனாத்தான் உள்ள போகலாம். ஏறிருச்சா?"

"ஏறிருச்சு அத்தா. அடுத்தது கார்வார்."

அத்தா முதல்முறையாக அவளைப் பார்த்தார். "அது நான் பாக்காத துறை. எப்பிடி இருக்கும்?"

"மலை கடல் வரைக்கும் எறங்கி வந்து நிக்குமாம். முன்னால சின்னச் சின்னத் தீவு. பூகோளத்துல படிச்சேன்."

"மலையா?"

"பச்சை மலை. நம்ம சிறுமலை மாதிரின்னு வச்சுக்கங்க. அடியில தண்ணி."

அவர் எதிர்ச் சுவரில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கிட்டு கோவாவா?"

"கோவா எழுதல."

"ஆமா, அப்பப் போர்த்துகீசுக்காரன்ல இருந்தான். வெளியாலயே போயிரணும்." கை போர்வைமேல் எதையோ தேடியது. "காத்து வந்துருச்சு. பாய விரி."

கஞ்சிக் கிண்ணத்தோடு அம்மா வாசற்படியில் நின்றாள். "பாய் விரிக்கச் சொல்றாகளா? கட்டில்ல முடியலையாமா?"

கமர் எழுந்து இடம் விட்டாள். அம்மா கிண்ணத்தை வைத்துவிட்டு, பரண்மேலிருந்த புதுக் கோரைப் பாயை இழுத்துப் போட்டாள். இருவருமாக ஆளுக்கொரு முனை பிடித்து விரித்தார்கள். அத்தாவைத் தூக்கிக் கிடத்தினார்கள். அவர் அவ்வளவு லேசாக இருந்தார். அம்மா அவர் முகத்தை மேற்கே திருப்பி, காதருகே கலிமா சொன்னாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. பிறகு ஒரு இடைவெளி முடியவே இல்லை.

பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தபோது அம்மாவின் அழுகை தெருவரை கேட்டது. பக்கத்து வீட்டு காதர் பீவி கமரின் தோளைத் தொட்டாள்.

"அத்தாட்ட பொருத்தம் கேட்டியா தாயி?"

"கேட்டேன்."

"பொருந்திக்கிட்டாகளா?"

"கார்வார் தாண்டுற வரைக்கும் பேசிக்கிட்டுத்தான் இருந்தாக."

காதர் பீவிக்கு விளங்கவில்லை. குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் இறைக்கக் கிணற்றடிக்குப் போனாள்.

வெகுநாள் சுருட்டியே வைத்திருந்த பாய். அதன் கால்மாட்டு ஓரம் தரையில் படியாமல் மேலெழும்பி நின்றது. கமர் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். கையை எடுத்ததும் மறுபடி எழும்பியது. அவள் அதன்மேல் முழங்காலை ஊன்றி, அத்தாவின் பாதங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.