ஐயனாருக்கு வைத்த குழை

அம்புலன்ஸ் யோகராசாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அது கிளப்பிய புழுதி ஒழுங்கையில் அடங்கி வெகுநேரமாகிவிட்டது. இரண்டு நாளாய்க் காய்ந்த காய்ச்சல் விடியற்காலையில் தலைக்கேறி, மனிசன் பெற்ற மகனைப் பார்த்தே "நீ ஆர்?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் மனைவி சிவக்கொழுந்து அம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள். எலிக்காய்ச்சலாய் இருக்கலாம், வயல் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு இந்த நாட்களில் அதுதான் வருகிறது என்று அம்புலன்ஸில் வந்த பெடியன் சொன்னான். மகன் பிரணவன் தகப்பனோடு மன்னாருக்குப் போனான். அவளை ஏற்ற இடமில்லை.

ஏற்றும்போது யோகராசா எழும்ப எழும்பப் பார்த்தார். கையை நீட்டி நீட்டி வயல் பக்கம் காட்டினார். வெட்டுக்கு நிற்கிற நெல்லை நினைத்துக் காய்ச்சலில் அலட்டுகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். "அதுகளை நான் பாக்கிறன், நீங்கள் படுங்கோ" என்று அதட்டியும் விட்டாள்.

வாசல் படலையடியில் வெகுநேரம் நின்றுவிட்டு வீட்டுக்குள் வந்து, வியர்வையில் நனைந்து கிடந்த பாயைச் சுருட்டி நிமிர்ந்தபோதுதான் ஆணியில் தொங்கிய நெற்றி லைட்டைக் கண்டாள். அது இந்த நேரத்தில் அங்கே தொங்கக்கூடாது. விடிய முதலே அதைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் காட்டோரம் போவார், வெளிச்சம் வந்ததும் திரும்பி வருவார். இன்றைக்கு அவிழ்க்கப் போகவில்லை. நேற்றுப் பின்னேரம் காய்ச்சலோடு நடுங்கி நடுங்கிக் கட்டிவிட்டு வந்த கட்டுத்துவக்கு இன்னும் கட்டியபடியே நிற்கிறது.

கட்டுத்துவக்கு என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. குழாயில் மருந்தும் ஈயக் குண்டும் அடைத்து மரத்தோடு சேர்த்துக் கட்டி, பன்றி வருகிற பாதைக்குக் குறுக்கே ஒரு நூல் இழுத்து விடுவது. நூலில் எது பட்டாலும் வெடிக்கும். பன்றியா, மாடா, மனிசரா என்று அது கேட்டுப் பார்ப்பதில்லை. பாப்பாமோட்டைக்கு உள்ளே, காடு வேலியாய் நிற்கிற அந்தச் சின்னக் கிராமத்தில் முன்பு அது வீட்டுக்கு வீடு இருந்தது. இப்போது பிடிபட்டால் பொலிஸ், கோட்டு, மறியல். பக்கத்து ஊரில் ஒரு மனிசன் இதற்காக உள்ளே போய் இன்னும் வெளியே வரவில்லை. யோகராசாவுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் போன கிழமை ஒரே இரவில் பன்றிகள் இறங்கி, கதிர் முற்றிய வயலில் பாதியை உழுது புரட்டிவிட்டுப் போயிருந்தன. காலையில் வரம்பில் நின்று அதைப் பார்த்தார். அன்று பின்னேரமே எங்கேயோ போய்த் துவக்கோடு வந்தார். சிவக்கொழுந்தும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் சொல்லவில்லை.

கட்டுகிறவர்களுக்கும் ஒரு முறை உண்டு. நூலுக்கு முன்னால், பாதை வாயில், பச்சை இலைக் குழை முறித்து ஒரு கம்பில் கட்டிக் குத்தி வைப்பார்கள். விசயம் தெரிந்தவன் அதைக் கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்காமல் திரும்பிவிடுவான். யோகராசாவும் பாலைக் குழை முறித்து அப்படியே செய்தார்.

அதில்தான் வினை வந்தது. காட்டுக்குள் நுழைகிற சனம் பாதை வாயில் ஐயனாருக்கு ஒரு குழை முறித்து வைத்துவிட்டுப் போவதும் அந்தப் பகுதியில் வழக்கம். குழை வைத்தவனை ஆனை தொடாது, பாம்பு தீண்டாது என்று ஒரு நம்பிக்கை. அடுத்த வளவு மனோன்மணி அந்தக் கம்பைக் கண்டுவிட்டு, மாலையில் வேலியடியில் வந்து நின்று கேட்டாள்.

"கொழுந்து, உங்கட வயலுக்கு மேல உந்த ஒற்றையடிப் பாதை வாயில குழை குத்திக் கிடக்கு. ஆர் வைச்சது?"

மனோன்மணியின் வாயைச் சிவக்கொழுந்து நன்றாக அறிவாள். அவளிடம் சொன்னால் சந்தை ரேடியோவில் சொன்னதற்குச் சமம். யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகப் புரண்டது.

"இவர்தான் வைச்சவர். ஐயனாருக்கு. பண்டி இறங்காமல் இருக்க வேணும் எண்டு."

"அப்பிடியே? நல்லது, நல்லது" என்று மனோன்மணி தலைக்கு மேல் கை கூப்பிக் கும்பிட்டாள். சிவக்கொழுந்துக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. கெட்டித்தனமாய்ச் சமாளித்துவிட்டேன் என்று அன்றைக்கு இரவு புருசனிடம் சொல்லி, இருவரும் சேர்ந்தே சிரித்தார்கள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. முந்தாநாள் பின்னேரம் வயலுக்குப் போனபோது அந்த ஒற்றைக் குழைக்குப் பக்கத்தில் வேறு நாலைந்து குழைகள் குத்தி நின்றதை அவள் கண்டிருந்தாள். மனிச வாடைக்கோ என்னவோ, பிறகு வயலுக்குப் பன்றி வரவில்லை. ஐயனார் காவல் நிற்கிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டது. போகாதே என்று சொல்ல வைத்த குழை, வா வா என்று ஆட்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தது. பகலில் நூல் அவிழ்த்துத்தானே இருக்கிறது என்று அவள் அதைப் பெரிதாய் எடுக்கவில்லை.

அவள் கொடுவாக்கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். படலையடியில் மீன்கார டொமினிக்கின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. விடத்தல்தீவிலிருந்து விடியவே மீன் கட்டிக்கொண்டு வந்து ஊர் ஊராய் விற்கிறவன். நல்ல பிள்ளை. ஆனால் மீன் விற்கிற வேகத்தில் கதையும் விற்பான்.

"என்னக்கா, அண்ணைய அம்புலன்ஸில கொண்டு போனவையாம்? மாதாவே! கடும் வருத்தமோ? நீங்கள் எங்க கத்தியோட ஓடுறியள்?"

"ஒரு பசுவைக் காணேல்லைத் தம்பி. பாத்திட்டு வாறன்."

"இந்த நேரத்திலயும் மாடோ? விடுங்கோ அக்கா, அது வரும். மனோன்மணியக்காவும் உந்தப் பக்கம்தான் போறா. கண்டால் சொல்லுவா."

சிவக்கொழுந்தின் கால் நின்றுவிட்டது. "எங்க போறா?"

"காட்டுக்குத்தான். மகள் தக்சிகாவும் கூடப் போறா. கடையில கற்பூரம் வாங்கிக்கொண்டு நிண்டவை. மீன் வேணுமோ எண்டு கேட்டன், இண்டைக்கு வேண்டாம், ஐயனாரிட்டப் போறம் எண்டிச்சினம். அந்தப் பிள்ளைக்கும் வயிறு தெரியத் தொடங்கிட்டுது, எனக்கெண்டால் காட்டுக்குள்ள கூட்டிக்கொண்டு போறது சரியாப் படேல்லை."

ஐயனார் இருப்பது காட்டின் உள்ளே, உடைந்த பழைய குளக்கட்டில், ஒரு வீரை மரத்தின் கீழ். அதற்கு வண்டிப் பாதை ஒன்று சுற்றிப் போகிறது. எல்லாரும் அதால்தான் போவார்கள். ஆனால் ஒற்றையடிப் பாதையால் போனால் கிட்ட. அதன் வாயில் இப்போது ஐயனாரின் குழைகளும் நிற்கின்றன. வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு போகிற மனோன்மணி எதால் போவாள் என்று ஆரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிவக்கொழுந்து போனை எடுத்து மனோன்மணிக்கு அடித்தாள். மணி அடுத்த வளவில், பூட்டிய வீட்டுக்குள் அடித்தது.

டொமினிக்கிடம் சொல்லிவிட்டால் என்ன? ஒரு சொல் போதும். அவன் ஹோனை அடித்துக்கொண்டு காட்டோரத்துக்குப் பறப்பான். ஆனால் பகல் ஆவதற்குள் தலைமன்னார் வரைக்கும் கதை போய்விடும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடக்கிற மனிசனின் தலைமாட்டில் பொலிஸ்காரன் வந்து நிற்பான்.

"என்னை வயல் முடக்கில இறக்கிவிடு தம்பி" என்று மட்டும் சொல்லிக்கொண்டு மீன் பெட்டிக்கு முன்னால் ஏறி இருந்தாள்.

வீதி வயலுக்குத் திரும்புகிற முடக்கில் குதித்து இறங்கி வரம்பால் ஓடினாள். விளைந்த நெல் இரு பக்கமும் காலை உரசியது. ஓடுகிற ஒவ்வொரு அடியிலும் காது காட்டுப் பக்கமே நின்றது. வெடிச் சத்தம் கேட்கவில்லை. கேட்காதது நல்லதா, இனித்தான் கேட்கப் போகிறதா என்று நினைத்து இன்னும் விசையாய் ஓடினாள். தக்சிகாவைப் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவள் அவள். அந்தப் பிள்ளையின் கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டது இந்தக் கைதான்.

பாதை வாய்க்கு வந்தாள். குழைகள் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தன. யோகராசா கட்டி வைத்த கம்பு உள்ளே எங்கே என்று தெரியவில்லை. ஆரோ சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். ஒரு தட்டைக் கல்லில் கற்பூரம் எரிந்த கறுப்பு இன்னும் சூடாய் இருந்தது. அதற்குப் பக்கத்தில் இப்போதுதான் முறித்த இரண்டு குழைகள். முறித்த இடத்தில் பால் இன்னும் காயவில்லை.

நூல் அந்த வளைவுக்கு அங்கால். அவள் மெல்ல உள்ளே போய் எட்டிப் பார்த்தாள். நூல் இழுத்தபடியே, அறாமல் நின்றது. அதற்கு இந்தப் பக்கத்தில், பாதையை விட்டுப் பற்றைக்குள் செருப்படித் தடம் திரும்பியிருந்தது. அங்கே பற்றை நிறையக் காட்டு மல்லிகை பூத்துக் கிடந்தது. பூ ஆயப் பற்றைக்குள் இறங்கினவர்கள், நூலுக்கு அந்தப் பக்கத்தில் போய்ப் பாதையில் ஏறியிருக்கிறார்கள். ஒரு பிடி பூவால் தப்பியிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பூ ஆய வேண்டியதில்லை. நேரே பாதையால்தான் வருவார்கள்.

"மனோன்மணீ!" என்று கத்தினாள்.

காட்டுக்குள்ளிருந்து, அவ்வளவு தூரமில்லாத இடத்திலிருந்து, பதில் வந்தது. "ஆரது? கொழுந்தோ?"

"ஓம்! நில்லுங்கோ!"

"ஏன்? என்ன?"

என்ன என்று கேட்டதும் நாக்கு பழையபடி புரண்டது. பொய் பழகிய நாக்குக்கு அவசரத்தில் பொய்தான் முந்தி வரும்.

"ஆனை நிக்குது! உங்கால ஆனை!"

சொன்ன மறுகணமே தான் செய்த வேலை அவளுக்கு விளங்கியது. உள்ளே ஒரு கூக்குரல். பிறகு சருகு நொறுங்குகிற சத்தம். ஆனை என்றால் மனிசர் ஊர்ப் பக்கமாய்த்தான் ஓடுவார்கள். இரண்டு பேரும் ஓடி வருகிறார்கள், பாதையால், அவளை நோக்கி, நூலை நோக்கி.

"ஓடாதேங்கோ! ஆனை இல்லை! நில்லுங்கோ!"

ஆர் கேட்பது? அடுத்த வளைவில் தக்சிகாவின் மஞ்சள் சட்டை தெரிந்தது. ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தாயை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கணத்தில் பொலிஸும் மறியலும் ஊர் வாயும் சிவக்கொழுந்துக்கு நினைவில் இல்லை. தொண்டை கிழியக் கத்தினாள்.

"துவக்குக் கட்டிக் கிடக்கு! தக்சிகா! எங்கட கட்டுத்துவக்கு! கால் வைச்சால் சாவாய், நில்லடி!"

தக்சிகா நின்றாள். நின்ற வேகத்தில் மனோன்மணி பின்னால் வந்து மோதினாள். பிள்ளை முன்னுக்குச் சரிந்து, பக்கத்தில் நின்ற கூழா மரத்தைக் கட்டிப் பிடித்தது. அவளது செருப்பு நுனிக்கு முன்னால், முழங்காலுக்குக் கீழே, வெயிலில் ஒரு இழை மினுங்கியது.

"அசையாதை" என்றாள் சிவக்கொழுந்து. "பின்னுக்கு வா. இன்னும் பின்னுக்கு. ரெண்டு பேரும் அந்தப் பெரிய மரத்துக்குப் பின்னால போய் இருங்கோ."

அவர்கள் போகும் வரை பார்த்து நின்றாள். பிறகு கத்தியால் நீட்டுத் தடி ஒன்று வெட்டி, ஒரு முதிரையின் பின்னால் ஒதுங்கி நின்று, கையை நீட்டி நூலைத் தட்டினாள். காடே அதிர்ந்தது. எதிரே நின்ற மரத்தில், தக்சிகாவின் இடுப்பு உயரத்தில், பட்டை பிளந்து வெள்ளையாய்த் தெரிந்தது. குருவிகள் எல்லாம் கத்திக்கொண்டு எழும்பின. வயல் முடக்கில் டொமினிக்கின் ஹோன் விடாமல் அலறியது.

புகை அடங்கிய பிறகு மனோன்மணி வந்து அந்தப் பிளந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"நான் உன்னட்டக் கேட்டனான்" என்றாள். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் சிவக்கொழுந்துக்குத் தாங்கியிருக்கும். "வேலியடியில நிண்டு கேட்டனான். ஐயனாருக்கு எண்டு சொன்னனீ."

"ஓம். பொய் சொன்னனான்."

"ஊர்ச் சனம் முழுக்க வந்து கும்பிட்டுது. பாத்துக்கொண்டு இருந்தனீ."

சிவக்கொழுந்து கத்தியை நிலத்தில் வைத்தாள்.

தக்சிகாதான் அழுதாள். "அம்மா விடியவே என்னை எழுப்பினவா மாமி. அம்புலன்ஸ் போனதைப் பாத்திட்டு நிலைகொள்ளேல்லை அவவுக்கு. யோகராசா மாமாவுக்கு ஒண்டும் ஆகக்கூடாது, ஐயனாரிட்டச் சொல்லிப்போட்டு வருவம் எண்டு... மாமா கையால வைச்ச குழையடியால போனால்தான் நேர்த்தி பலிக்கும் எண்டு..."

மனோன்மணி சீலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மிச்சக் கற்பூரமும் கசங்கிய காட்டு மல்லிகையும் இருந்தன.

சிவக்கொழுந்து அவளுடைய காலடியில் குந்தினாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அதையும் ஆர் நம்புவார் என்று வெட்கமாய் இருந்தது. இந்த ஒருத்தியின் வாய்க்குப் பயந்துதான் பொய் சொன்னாள். அந்த வாய் விடிந்ததிலிருந்து அவளுடைய புருசனுக்காக மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் மனோன்மணி எழும்பிச் சீலையைத் தட்டினாள்.

"வந்த காரியம் முடியேல்லை. ஐயனாரடிக்குப் போக வேணும். தக்சிகா, நீ டொமினிக்கிட்டப் போய் நில்லு."

மகள் வந்த தடத்தைப் பார்த்துப் பார்த்து, பற்றைக்குள்ளால் சுற்றி வெளியே போனாள். மனோன்மணி காட்டின் உள்பக்கம் திரும்பினாள். ஆனால் நடக்கவில்லை.

"உள்ள வேற எங்கையும் கட்டிக் கிடக்கோ, கொழுந்து?"

"இல்லை. இது ஒண்டுதான்."

"உண்மையாவோ?"

உண்மைதான் என்று சொல்ல வாயெடுத்தவள், நேற்றுப் பின்னேரம் யோகராசா வழமையை விட வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்ததை நினைத்தாள். காய்ச்சல்தானே, மெல்ல நடந்திருப்பார் என்று அப்போது நினைத்தது. ஒரு துவக்கு என்றுதான் அவர் சொல்லியிருந்தார். ஆனால் இருவரும் பொய் சொல்லிச் சிரித்த வீடுதான் அது.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்டுதான்" என்றாள்.

மனோன்மணி கற்பூரத்தை மறுபடி முடிந்தாள்.

"அப்ப நீ முன்னால நட."

சிவக்கொழுந்து கையிலிருந்த நீட்டுத் தடியை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, பாதையில் காலை வைத்தாள்.