குண்டு வேண்டாம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கெட்ட சிரிப்பில் பிறந்தது. பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு தையல் ஆலையின் வாசலில் பருமனான ஒரு பெண் அட்டை பிடித்து நின்றாள். அட்டையில் ‘குண்டு வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அவள் எந்தக் குண்டைச் சொன்னாள் என்று எனக்கு உறைத்தது. அதற்குள் இறங்கவேண்டிய இடமும் போய்விட்டது.

அவளிடம் பேசியதில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் கற்பனை. சிரித்ததற்கு நானே போட்டுக்கொண்ட அபராதம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: ‘போரின் கொடிய கரங்கள் பிஞ்சு மலர்களை...’ (அடித்துவிட்டேன். மலரைக் கண்டதும் என் மனைவி பக்கத்தைப் புரட்டிவிடுவாள்.)

இரண்டாவது: ‘அந்த ஆலையில் முன்னூறு தையல் இயந்திரங்கள்...’ (எண்ணிப் பார்த்தேனா என்ன?)

மூன்றாவது: அவளை எல்லாரும் குண்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இது போதும். இப்படியே போகலாம்.

3

குண்டக்கா பள்ளிக்கூடப் பை தைப்பவள். தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடத்தில் ஒரு சதுரம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. அந்தத் தையல் அவள் பொறுப்பு. பக்கத்து இயந்திரத்தில் அவள் தங்கை ஜிப் வைப்பாள். ஒருமுறை நீல நூல் தீர்ந்துபோக, குண்டக்கா யாரையும் கேட்காமல் ஆரஞ்சு நூலில் ஒரு பெட்டிப் பைகளைத் தைத்துத் தள்ளிவிட்டாள். மேற்பார்வையாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பைகள் அதற்குள் கப்பலேறியிருந்தன.

பிறகொரு நாள் தங்கை செல்பேசியில் ஒரு படம் காட்டினாள். எங்கோ போர் நடக்கும் ஊரில், குண்டு விழுந்து இடிந்த வீட்டின் முன்னால் ஒரு சிறுமி, தோளில் நீலப் பை, பட்டையில் ஆரஞ்சுத் தையல்.

(இங்கே என் மனைவி குறுக்கிட்டாள்: “இதெல்லாம் நடக்கிற காரியமா? உலகத்துல வேற யாருமே ஆரஞ்சு நூல்ல தைக்கலையா?” நியாயமான கேள்வி. குண்டக்காவும் அதையே சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெரிதாக்கப் பெரிதாக்கக் கட்டம் கட்டமாக உடைந்துபோனது. தன் பைதான் என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தால் அழுது முடித்திருப்பாள். தெரியாததால் முடிக்க முடியவில்லை.)

4

அடுத்த வாரம் புது ஆர்டர் வந்தது. பச்சைத் துணி, முரட்டுப் பட்டை. குண்டக்கா மாதிரிப் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். குறுகலாக, நீளமாக, வரிசையாக ஆறு அறைகள்.

“இதுல நோட்டுப் புத்தகம் நுழையாதே சார். என்ன வைப்பாங்க?”

“குண்டு வைப்பாங்க” என்றார் மேற்பார்வையாளர். வரிசை முழுக்கச் சிரித்தது. “உன்னையில்லம்மா, நிஜக் குண்டு. போதுமா? தை.”

குண்டக்கா தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

(அந்தக் காலைப் பற்றி மூன்று பத்தி எழுதிக் கிழித்தேன். எடுத்தாள், அவ்வளவுதான்.)

“வம்பு வேண்டாம்க்கா” என்று தங்கை கிசுகிசுத்தாள். “நாம தைக்கலேன்னா வேற யாராவது தைப்பாங்க.”

“தைக்கட்டும். என் பெருக்கல் குறி அதுல இருக்கக் கூடாது.”

“வேலை போயிடும்.”

“நீ தை. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

தங்கை தைத்தாள். கண்ணீரோடு தைத்ததால் கோணல்மாணலாக வந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் குண்டக்கா அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, துணியில் குறி போடும் சாக்கட்டியால் இரண்டு சொல் எழுதிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். சைக்கிளில் போன ஒருவன், “என்னக்கா, இளைக்கப் போறீங்களா?” என்றான். அப்போதுதான் அட்டையைத் திருப்பித் தானே படித்துப் பார்த்தாள். முகம் சூடேறியது. மாற்றி எழுதலாம் என்றால் சாக்கட்டி உள்ளே இருந்தது. உள்ளே போனால் திரும்பி வரத் துணிவிருக்காது. அதையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் பேருந்து கடந்தது.

5

மேற்பார்வையாளர் வெளியே வந்து அட்டையைப் படித்தார். “நீயே எழுதியிருக்கியே! சரி, குண்டு வேண்டாம். நாளையிலேர்ந்து வராதே.”

தன் நகைச்சுவை அவருக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

6

என் திட்டப்படி கதை இங்கே முடியவேண்டும். அவள் தனியாக வீட்டுக்கு நடப்பாள், நான் கனமாக ஒரு வரி எழுதுவேன். தங்கை கெடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை, விட்டுவந்த சாப்பாட்டு டப்பாவை எடுக்க வந்த குண்டக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். தங்கையும் வரிசையிலிருந்த அத்தனை பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஓர் அட்டை: ‘குண்டு வேண்டும்’.

“அடிப்பாவிகளா! குண்டு கூடாதுன்னு நான் நின்னா, வேணும்னு கேக்கிறீங்களே!”

“உன்னைத்தானே கேக்கிறோம்!” என்றாள் தங்கை.

“அது ரோட்ல போறவனுக்குத் தெரியுமா?”

(‘குண்டக்கா வேண்டும்’ என்று எழுதலாமே என்கிறீர்கள். அதையும் ஒருத்தி சொன்னாள். “என்னை மட்டும் கேட்டா, என்னை உள்ள கூப்பிட்டு அந்தப் பையையும் தைக்க வெச்சிடுவாங்க. நான் வேணும், அந்தக் குண்டு வேண்டாம், ரெண்டும் ஒரே அட்டையில இருக்கணும்” என்றுவிட்டாள் குண்டக்கா.)

அவள் பயந்தபடியே ஆயிற்று. மேற்பார்வையாளர் வந்தார். “சரி, இவளைச் சேர்த்துக்கறோம். எல்லாரும் உள்ள வந்து பச்சைத் துணியை முடிங்க. இல்லேன்னா ஒருத்தியும் உள்ள வரவேண்டாம்.”

எல்லாரும் குண்டக்காவைப் பார்த்தார்கள்.

7

முடிவு ஒன்று: ஆர்டர் ரத்து, ஊரே கொண்டாட்டம். (ஆசைதான். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு இரண்டு: அத்தனை பேருக்கும் வேலை போய்... (என் கையால் எழுத மாட்டேன். தங்கை கோணல்மாணலாகத் தைத்ததை நான் பார்த்தவன்.)

முடிவு மூன்று: குண்டக்கா புது அட்டையை மடியில் வைத்து, தங்கையிடம் சாக்கட்டியை வாங்கி எழுதத் தொடங்குகிறாள். ‘குண்டு வேண்’ வரைக்கும் வந்து கை நிற்கிறது. மிச்சம் இரண்டெழுத்து. ‘டும்’ போட்டால் அவளுக்கும் மற்ற எல்லாருக்கும் வேலை உண்டு, பையும் தைக்கப்படும். ‘டாம்’ போட்டால் இரண்டும் இல்லை. மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

சாலையில் ஒரு பேருந்து வருகிறது. இந்த முறை ஜன்னலோரம் நீங்கள். நான் இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் விழித்தேன். உங்களுக்கு இன்னும் நேரமிருக்கிறது. இறங்கிப் போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். சாக்கட்டியை உங்களிடம் நீட்டினாலும் நீட்டுவாள்.