பூபாலன் வீட்டுப் பூட்டு

அந்தமான் பக்கம் நிலநடுக்கம், அளவு ஏழு புள்ளி மூன்று என்று பூபாலன் மைக்கில் சொன்னபோது காலை பதினொரு மணி. எங்கள் கடலோரத் தெருவுக்குச் சுனாமி எச்சரிக்கையை அறிவிக்கும் பொறுப்பு அவனுடையது. கால் மணி நேரம் கழித்து, "ஆறு புள்ளி எட்டுதான், பயமில்ல, அவங்கவங்க வேலையப் பாருங்க" என்றான்.

நேராக அவனிடமே போனேன்.

"ஏம்பா, நடந்து முடிஞ்ச நடுக்கம் எப்டி கொறையும்? யாரு கொறைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல எல்லம்மாக்கா. மொதல்ல வர்றது அவசரக் கணக்கு. நாலு எடத்துப் பதிவ வச்சுப் போடறது. மீதி வந்தப்புறம் சரி பண்ணுவாங்கோ."

"அப்போ மறுபடி ஏறுமா?"

"ஏறவும் செய்யும். ஆனா இதுல ஒண்ணுமில்லக்கா."

என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். மைக்கில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். பெண்டாட்டி பிள்ளையை எங்கே வைத்திருக்கிறான் என்று பார்த்தால் தெரிந்துவிடும். அவன் வீட்டுக்கு நடந்தேன். பூட்டியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கா?

தேடிக்கொண்டு போனால், கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஈசிஆர் ரோட்டு பஸ் நிறுத்தத்தில் அவன் மனைவி ஜெனிட்டா உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை, பக்கத்தில் ரேஷன் கார்டு, சர்டிபிகேட்டு எல்லாம் திணித்த பை.

"உன் வூட்டுக்காரரு ஓடச் சொன்னாரா?"

"இல்லக்கா. ஒண்ணுமில்ல, வூட்லயே இருன்னுதான் போன்ல சொன்னாரு."

"அப்புறம் இன்னாத்துக்கு இங்க குந்திகினு கீற?"

"எட்டு வருசமா எல்லாத்துக்கும் அதேதான் சொல்லிகினு கீறாரு" என்றவள், பையைத் தள்ளி எனக்கு இடம் விட்டாள்.

உட்கார்ந்தேன்.