மஞ்சளா, சிவப்பா

பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் பேராசிரியையாக இருந்த அந்தப் பெண்மணிக்குத் தான் செய்த ஸ்டிக்கர் மேல் அலாதியான பெருமை. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். இன்சுலின் பெட்டியின் மேல் ஒட்ட வேண்டும். இன்சுலின் சூட்டில் கெட்டுப்போனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கெட்டதும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும், நல்லதும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நோயாளி ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்டே வருவார், சர்க்கரை இறங்காது. டாக்டர் அவரையே சந்தேகப்பட்டுத் திட்டுவார்.

இந்த ஸ்டிக்கர் அதற்குத்தான். பெட்டி பட்ட சூட்டையெல்லாம் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். முதலில் வெள்ளை, பிறகு மிக இளம் ரோஜா நிறம், அப்படியே படிப்படியாக ஏறிக் கடைசியில் கருஞ்சிவப்பு. மொத்தம் ஏழு நிறம். ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பிசகில்லாமல் கொண்டுவர அவர் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தார். "ஒரு பார்வையில மருந்தோட மொத்த வாழ்க்கை வரலாறும் தெரிஞ்சிடும்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஆய்வுக்குப் பணம் தந்த குழு, இது தனி ஒரு துறையின் வேலையாக இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தது. மருத்துவக் கல்லூரியிலிருந்து சர்க்கரை நோய் டாக்டர் ஒருவர் ஆர்வமாக வந்து சேர்ந்தார். வணிக மேலாண்மைத் துறையிலிருந்து வந்தவள்தான் சிக்கல். மனிதர்கள் கடையில் ஒரு பொருளை ஏன் எடுக்கிறார்கள், ஏன் திருப்பி வைக்கிறார்கள் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவள். பேராசிரியையின் சொந்த நாத்தனார். வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. கல்லூரியில் பாடம் நடத்தும் வயதாகியும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை.

"சோப்பு விக்கிறதுக்கு எதுக்கு டாக்டர் பட்டம்?" என்று பேராசிரியை ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் கேட்டுவிட்டார்.

பாப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "சோப்பைச் செஞ்சு வச்சா மட்டும் போதுமா அண்ணி? யாராவது எடுத்துத் தேய்க்க வேணாமா?" என்றாள்.

மருத்துவமனையைச் சுற்றியிருந்த மருந்துக்கடைகளில் சோதனை தொடங்கியது. கடைக்கு வரும் இன்சுலின் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. நோயாளிகள் காலிப் பெட்டியை டாக்டரிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும். சில மாதம் கழித்து டாக்டர் போன் செய்தார்.

"மேடம், ஒரு விஷயம். ஸ்டிக்கரைக் காணோம்."

"நிறம் மாறலையா டாக்டர்?"

"மாறுச்சா இல்லையான்னு பார்க்கிறதுக்கு ஸ்டிக்கர் இருக்கணுமே. பாதிப் பெட்டிக்கு மேல மொட்டையா வருது."

பேராசிரியைக்குப் பசை மேல்தான் சந்தேகம். ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்தார், ஆவியில் காட்டினார், தண்ணீரில் முக்கினார். பெட்டி ஊறிக் கூழானதே தவிர, பசை அசையவில்லை. மேஜை முழுக்க நனைந்த அட்டைகளாகக் கிடந்தபோது பாப்பா உள்ளே வந்தாள். நோயாளிகளிடமிருந்து வந்த மொட்டைப் பெட்டி ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"அண்ணி, இது தானா விழல. யாரோ உரிச்சிருக்காங்க. நகக்கீறல் இருக்கு பாருங்க."

"எதுக்கு உரிக்கணும்?"

"எனக்கும் தெரியல. கடையில போய் உக்காந்தாத்தான் தெரியும். வாங்க, கிளம்புவோம்."

முன்பகல் நேரம். மருத்துவமனை வாசலுக்கு எதிரே இருந்த கடையில் கூட்டம் நெரிந்தது. கடைக்காரர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பெரிய உடம்புக்காரர். இருவரையும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். "நாங்க ஏங்க உரிக்கப் போறோம்? எங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று சிரித்தார். சிரிப்பு ஒட்டவில்லை.

சற்று நேரத்தில் ஒரு பெண் வந்து அப்பாவுக்கு இன்சுலின் கேட்டாள். கடைக்காரர் குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தார். ஸ்டிக்கரில் மிக இளம் ரோஜா நிறம். ஏழில் இரண்டாவது. மருந்துக்கு ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம்.

அந்தப் பெண் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "இது வேணாங்க. வெள்ளையா இருக்கிறதைக் குடுங்க."

பேராசிரியையால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய், "அம்மா, இது நல்ல மருந்துதாம்மா. இந்த நிறத்துக்கு அப்புறம் இன்னும் மூணு நிறம் வரைக்கும் தாராளமாப் போட்டுக்கலாம்" என்றார்.

"நீங்க யாரு?"

"இந்த ஸ்டிக்கரைக் கண்டுபிடிச்சதே நான்தான்."

"அப்போ நீங்களே வாங்கிக்குங்க" என்றாள் அந்தப் பெண், சற்றும் கோபமில்லாமல். வெள்ளை ஸ்டிக்கர் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டுதான் போனாள்.

அதற்குப் பிறகு கடைக்காரருக்கு மறைக்க ஒன்றும் இல்லை. "பார்த்தீங்கல்ல? நாள் பூரா இதே கதைதான். லேசா நிறம் வந்துட்டாலே கையில தொட மாட்டேங்கிறாங்க. மருந்து நல்லாத்தான் இருக்குன்னு எத்தனை பேர்கிட்ட சத்தியம் பண்றது? உரிச்சுட்டுக் குடுத்தா பேசாம வாங்கிட்டுப் போறாங்க." மற்ற கடைகளிலும் இதையேதான் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது காரை ஓட்டிக்கொண்டே பேராசிரியை பொரிந்து தள்ளினார். "ஜனங்களுக்குப் புரிய வைக்கணும். ஏழு நிறத்துக்கும் விளக்கம் போட்டு ஒரு அட்டை அச்சடிச்சு, கடைக்குக் கடை மாட்டணும்."

"மாட்டலாம். யாரும் படிக்க மாட்டாங்க."

"படிக்காம இருந்தா அது அவங்க தப்பு."

"அண்ணி, ஊசி போடுற ஆளுக்கு ஒரே ஒரு கேள்விதான். போடலாமா, கூடாதா? நீங்க அதுக்கு ஏழு பதில் சொல்றீங்க. மருந்தோட வாழ்க்கை வரலாறு உங்களுக்கு வேணும். அவங்களுக்கு எதுக்கு?"

பேராசிரியைக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது கணவரைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு என்ன?" என்று கேட்டார். அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் தங்கச்சி. நான் டிவி பார்த்துக்கிட்டே சாப்பிடுறேன்" என்று அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

பேராசிரியை இடிந்துபோய் உட்காரும் ஆள் இல்லை. நாத்தனார் சொன்னது சரி என்று மறுநாள் காலையிலேயே மனத்துக்குள் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் வேதியியல் அவ்வளவு சுலபமாக வளையாது. சூடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். அதைக் காட்டும் நிறமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். கடைசி நொடி வரை சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாக மாறு என்று அதனிடம் எப்படிச் சொல்வது? அந்த வாரம் முழுவதும் எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். ஒன்றும் பிடிபடவில்லை.

விடை அவருடைய சொந்த வகுப்பறையிலேயே கிடைத்தது. முதலாண்டு மாணவர்களுக்கு அமிலத்தையும் காரத்தையும் அளந்து கலக்கும் சோதனையைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் செய்வதுதான். குடுவைக்குள் காரம், அதில் நிறங்காட்டி கலந்து மஞ்சளாக இருந்தது. மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. விழுகிற அமிலத்தையெல்லாம் காரம் விழுங்கிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு சொட்டு. குடுவை முழுக்கச் சிவப்பு.

பேராசிரியை குழாயை மூட மறந்து நின்றார். அமிலம் பாட்டுக்கு ஒழுகியது. "மேடம், போதும், போதும்!" என்று வகுப்பே கத்தியது.

"போதும்தான்" என்றார் அவர், குடுவையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுவே போதும்."

அவர் செய்தது இதுதான். சூடு பட்டால் மெதுவாக அமிலமாக மாறும் ஒரு பொருளை ஸ்டிக்கரில் தடவினார். கூடவே அதே நிறங்காட்டியையும் ஓர் அளவு காரத்தையும் வைத்தார். காரம் தீரும் வரை உள்ளே உருவாகும் அமிலம் வெளியே தலைகாட்டாது. ஸ்டிக்கர் மஞ்சளாகவே இருக்கும். காரம் தீர்ந்ததும் சிவந்துவிடும். பட்ட சூடு எல்லாம் உள்ளே கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது ஒரே ஒரு பதில்.

அடுத்த தகராறு, எவ்வளவு காரம் வைப்பது என்பதில் வந்தது. "அதை நான்தான் சொல்லணும்" என்று டாக்டர் குறுக்கே விழுந்தார். "நல்ல மருந்து சிவந்துட்டா ஒரு பெட்டி வீண். கெட்ட மருந்து சிவக்காம இருந்தா ஒரு ஆளு வீண். அதனால கொஞ்சம் முன்னாடியே சிவக்கட்டும்."

"ரொம்ப முன்னாடி சிவந்தா மறுபடியும் உரிக்க ஆரம்பிச்சிடுவாங்க டாக்டர்" என்றாள் பாப்பா.

டாக்டர் பிடியை விடவில்லை, பாப்பாவும் விடவில்லை. கடைசியில் டாக்டர் தன் ஆய்வகத்தில் இன்சுலினையும் ஸ்டிக்கரையும் ஒன்றாகச் சூட்டில் வைத்து, மருந்தின் வீரியம் எங்கே சரிய ஆரம்பிக்கிறது என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். சரிவு தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டுக்கு ஏற்ப பேராசிரியை காரத்தை அளந்து வைத்தார். பாப்பா அந்த ஸ்டிக்கரைக் கடைவீதியில் கொண்டுபோய்க் காட்டி, வாங்குபவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு வந்தாள். "மஞ்சள்னா போடலாம், சிவப்புன்னா வேணாம். இதுல கேக்குறதுக்கு என்ன இருக்குன்னு என்னையே முறைக்கிறாங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டாவது சோதனைக்கு அனுமதி வாங்க மூவரும் பணம் தந்த குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். குழுவின் தலைவர் அறிக்கையைப் புரட்டினார்.

"முதல் சோதனை தோல்வின்னு நீங்களே வெளிப்படையா எழுதியிருக்கீங்க. ஆய்வகத்துல ஏழு நிறமும் அழகா வந்திருக்கு. அதை மட்டும் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம்" என்றார் பேராசிரியை. "ஆனா நாளைக்கு வேற யாராவது அதைப் படிச்சுட்டு இதே ஏழு நிறத்தைச் செய்வாங்க. அதையும் கடையில உரிச்சுத் தூரப் போடுவாங்க. எங்களுக்கு எங்க சறுக்குச்சுன்னு தெரியும். தெரிஞ்சதை எழுதாம விட்டா அப்புறம் எதுக்கு ஆராய்ச்சி?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். அனுமதி கிடைத்தது.

இந்த முறை ஸ்டிக்கர்கள் பெட்டியில் நிலைத்து நின்றன. சிவந்தவை எங்கிருந்து வந்தன என்பதுதான் யாரும் எதிர்பாராதது. கடைகளில் மிகச் சில. மற்றதெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு சிவந்தவை. டாக்டரிடம் நெடுநாளாகச் சிகிச்சை பெற்றுவந்த தையல்காரர் ஒருவர் சிவந்த பெட்டியோடு வந்தார். அவருக்குச் சர்க்கரை இறங்கியதே இல்லை. டாக்டர் அவரைத் திட்டாத நாளும் இல்லை. விசாரித்தபோது, இஸ்திரி மேஜைக்கு மேலே உள்ள அலமாரியில் மருந்தை வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. கைக்கு எட்டுகிற இடமாம்.

"ஐயா, உங்களை நான் வீணாத் திட்டியிருக்கேன். மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல டாக்டர். அப்போ இனிமே நான் இனிப்பு சாப்பிடலாமா?"

"அதை நான் சொல்லல!"

புதிய பெட்டி, வேறு இடம். அடுத்தடுத்த பரிசோதனைகளில் தையல்காரரின் சர்க்கரை இறங்கி வந்தது. அவரைப் போலவே பலருக்கும். டாக்டர் இப்போதெல்லாம் நோயாளிகளிடம் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பதற்கு முன்னால் "மருந்தை எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்.

ஆய்வுக் கட்டுரை எழுதி முடித்த அன்று மதியம் பாப்பா நேராகவே சொன்னாள். "அண்ணி, என் பேரு முதல்ல வரணும்."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு கணினித் திரையை உற்றுப் பார்த்தார். ஸ்டிக்கர் யாருடையது என்று ஊருக்கே தெரியும். பேராசிரியை சற்று யோசித்தார். கட்டுரையின் முதல் பக்கத்துக்குப் போய் மறுபடி படித்தார்.

"இந்தக் கட்டுரை எதைப் பத்தினது? ஜனங்க ஏன் உரிச்சாங்க, இப்ப ஏன் உரிக்கலங்கிறது. அது உன் வேலைதான். முதல்ல உன் பேரைப் போடு. ஸ்டிக்கரோட வேதியியல் தனிக் கட்டுரையா வரும். அதுல நான் முதல்ல, டாக்டர் ரெண்டாவது, நீ மூணாவது."

"நான் ரெண்டாவது."

"ஏம்மா, நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றார் டாக்டர்.

மாநாட்டில் பேச பாப்பாதான் மேடையேறினாள். அரங்கு முழுக்க வேதியியல்காரர்களும் மருத்துவர்களும். பேசி முடித்ததும் நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அமிலம் உருவாகும் வேகம் மாறாதா, அப்போது உங்கள் கோடு என்ன ஆகும் என்று கேட்டார். கணீரென்ற குரல். சுத்தமான வேதியியல் கேள்வி. பாப்பாவின் பார்வை முன்வரிசையில் இருந்த அண்ணியிடம் வந்தது. பேராசிரியை கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும் எண்ணமே அவருக்கு இல்லை.

"மாறும்" என்றாள் பாப்பா. "அதனாலதான் ஸ்டிக்கருக்கு ரெண்டு பக்கமும் ஈரம் புகாத படலம் போட்டிருக்கோம். படலம் கிழிஞ்சா வேகம் கூடும், சீக்கிரமே சிவந்திடும். தப்பு நடந்தாலும் ஒரு நல்ல பெட்டி வீணாகுமே தவிர, கெட்ட மருந்து உடம்புக்குள்ள போகாது." கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

தேநீர் இடைவேளையில் ஓர் இளம் மருத்துவர் அவர்களைத் தேடி வந்தார். தன்னுடைய வேலை தீவுகளில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது, மருந்து படகில் போகிறது, வெயில் தாங்கவில்லை என்றார்.

"எவ்வளவு சூடு வரைக்கும் போகுது?" என்று பேராசிரியை ஆரம்பித்தார். டாக்டர் அதே மூச்சில் தடுப்பூசியின் பெயரைக் கேட்டார்.

பாப்பா அதற்குள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த மருத்துவரை உட்கார வைத்திருந்தாள். "முதல்ல இதைச் சொல்லுங்க. படகு கரைக்கு வந்ததும் அந்தப் பெட்டியை யாரு தூக்குவாங்க?"