தடம் எண் இல்லாத வருகை

ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய், பகல் பதினொன்று பத்துக்கு, செஞ்சி பேருந்து நிலையத்துக்கு மேலே ஒரு வட்டம் வந்து நின்றது. ராஜகிரிக் கோட்டைப் பக்கமிருந்து வந்தது. நெல் அடிக்கும் களம் அளவு அகலம், விளக்காத பித்தளைத் தவலையின் நிறம். சத்தம் இல்லை, இறக்கை இல்லை. நிலையத்தில் இருந்த இருநூறு பேரும் திண்டிவனம் பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுக்கொண்டிருந்ததால், அண்ணாந்து பார்த்தவள் நேரக்காப்பாளர் கலைமதி ஒருத்திதான். வந்த வண்டியையெல்லாம் பத்தொன்பது வருடமாக எழுதிப் பழகிய கை, யோசிப்பதற்குள் அதையும் பதிவேட்டில் எழுதிவிட்டது. வருகை 11.10. தடம் எண் இல்லை. புறப்பாடு என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள், அது புறப்படவில்லை.

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஊர் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கும். கலைமதி எழுதிய நேரத்தை மறுத்துப் பேசியவர் கிடையாது. ராகுகாலம் முடிந்ததா என்பதற்குக்கூடச் சிங்கவரத்திலிருந்து அவளுக்குப் போன் போடுவார்கள். அண்ணாந்தவர்களுக்கோ வெறும் வானம்தான் தெரிந்தது. அதனால் ஊருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் ஏறியவர்கள் இறங்கினார்கள், இறங்கியவர்கள் மறுபடி ஏறினார்கள். மல்லாட்டைக் கடலை விற்கும் வசந்தா நாளைக்கு நாலு முறை வந்து, "அது அவலூர்பேட்டைக்குப் போவுமா, இல்ல இங்கயே நிக்குமா, கேட்டுச் சொல்லுக்கா" என்று நச்சரித்தாள்.

எட்டாம் நாள் விழுப்புரத்திலிருந்து மேலதிகாரி தங்கராஜ் வந்து அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றார். "அந்த வரியில ஒரு கோடு கிழிச்சு கையெழுத்துப் போடும்மா. கண்ணு கட்டிடுச்சுன்னு எழுதிக் குடு. இல்லன்னா இந்த சீட்டுல உன்ன வச்சிருக்க முடியாது."

நாற்காலி போனால் போகட்டும்; இந்த ஒரு வரியை அடித்தால் பத்தொன்பது வருடம் எழுதிய எந்த வரியை இனி யார் நம்புவார்கள் என்றுதான் கலைமதி பதறினாள். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கலியபெருமாள் வந்து சேர்ந்தார். அவளுடைய நைனா, ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். சிநேகிதர்கள் மாலையோடு காத்திருந்த கடைசி நாளில், அவர் வண்டி நாலு நிமிடம் தாமதம் என்று மகள் எழுதிவிட்டாள். அன்றிலிருந்து ஆறு வருடமாக அவளோடு பேச்சில்லை. இப்போதும் அவளைப் பார்க்காமல் அதிகாரியிடம்தான் பேசினார்.

"பெத்த அப்பன் வண்டியவே லேட்டுன்னு எழுதுன பொண்ணு சார் இது. லேட்டுதான், நான் வழில டீ குடிச்சிட்டு வந்தேன். அது எழுதியிருந்தா வந்துதான் இருக்கும்."

கலைமதி நைனாவைத்தான் பார்த்தாள். வேலையைப் பற்றிய நினைப்பே அப்போது அவளுக்கு இல்லை.

பதில் தேடிக் குனிந்த தங்கராஜ், உச்சி வெயிலில் தன் வெள்ளைச் சட்டை நிழலில் இருப்பதைக் கண்டார். மேலே கூரை இல்லை, மரம் இல்லை, மேகமும் இல்லை. நிழல் வட்டமாக, ஒரு களம் அளவுக்கு இருந்தது. எட்டு நாளாக எல்லோரும் அதில்தான் நின்றிருந்தார்கள், ஏதென்று யாரும் கேட்கவில்லை. அவர் பேனாவை வாங்கி அந்த வரிக்கு நேராகத் தன் சுருக்கொப்பத்தைப் போட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினார்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. பதிவேடு தீர்ந்தால் புதியதின் முதல் வரியில் அந்த வருகை ஏறிக்கொள்கிறது. சித்திரை வெயிலில் கைக்குழந்தைக்காரிகளுக்குத்தான் நிழலில் முதல் இடம் என்று வசந்தா சட்டம் போட்டிருக்கிறாள். கலியபெருமாள் தினம் காலையில் வந்து, "கெளம்பிடுச்சாம்மா?" என்று கேட்கிறார்.

"இன்னும் இல்ல நைனா, குந்து" என்கிறாள் கலைமதி. அதைக் கிளப்பிவிட அவளுக்கு அவசரம் ஒன்றுமில்லை.