கொக்கியில் இல்லாத தண்டு

மடக்கு நாற்காலிகளை எடுக்க தம்பி லோனியின் பிக்கப் வண்டிக்குப் போன ரோண்டா, பின்சீட்டில் கிடந்த வேட்டைக் கோட்டை ஒதுக்கினாள். கை இரும்பில் இடித்தது. பிரித்துப் பார்த்தால், அப்பாவின் டிரெய்லரிலிருந்து காணாமல்போன ஆட்டத் தடுப்புத் தண்டு.

வயோமிங் காற்றில், படுத்துச் சமைத்துத் தங்குகிற இருபத்தாறு அடி டிரெய்லரை இழுத்துக்கொண்டு அந்தத் தண்டில்லாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். பக்கவாட்டில் காற்று அடித்தால் டிரெய்லர் நாய்வால் போல ஆடத் தொடங்கும். வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவே கொக்கியோரம் மாட்டிய தண்டுதான் அந்த ஆட்டத்தை இறுக்கிப் பிடிக்கும். திங்கட்கிழமை பிடிக்கவில்லை. டிரெய்லர் ஆடிய ஆட்டத்தில் வண்டியும் சேர்ந்து உருண்டது. விலா எலும்பு முறிந்து அம்மா பிழைத்தாள். அப்பா மெர்லை இன்று காலை அடக்கம் செய்தாகிவிட்டது.

நொறுங்கிய வண்டியைப் போட்டிருந்த கிடங்குக்கு நேற்று போனபோதே ரோண்டா கவனித்தாள். தண்டு மாட்டும் இடம் காலி. "உருண்டதுல எங்கயாவது பறந்திருக்கும்," என்றான் கூட வந்த லோனி, அவள் முகத்தைப் பார்க்காமல். அவளுக்கு முன்பே அவன் ஒருமுறை அங்கே வந்து போயிருந்தான் என்று கிடங்குக்காரர் சொன்னார். போன வாரம் மான் வேட்டைக்கு டிரெய்லரை இரவல் வாங்கிப் போனவனும் அவன்தான். அவள் இரவெல்லாம் தூங்கவில்லை.

தேவாலயக் கூடத்திலிருந்து லோனி வெளியே வந்தான்.

"நாற்காலி எங்கக்கா? உள்ள நின்னுக்கிட்டே சாப்பிடறாங்க."

அவள் தண்டைத் தூக்கிக் காட்டினாள். "இதை மாட்டாமலே டிரெய்லரை அப்பா வண்டியில கோத்துக் குடுத்துட்டியா?"

"சத்தம் போடாதே."

"ஏன், பாதிரியாருக்குக் கேட்டுடுமா?"

"நான் மாட்டித்தான் குடுத்தேன். அப்பா என்னிக்கு என்னை நம்பினாரு? நான் மாட்டினதைக் கழட்டி, அவரே இன்னொரு தடவை மாட்டினாரு."

"அப்ப இது உன்கிட்ட எப்படிடா வந்துச்சு?"

லோனி கூடத்தின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். "முன்சீட்டுல அம்மா கால் வைக்கிற இடத்துல கிடந்துச்சு. அவங்க சால்வைக்கு அடியில."

ரோண்டாவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. தண்டோடு வண்டியைப் பின்னால் எடுத்தால் அது வளைந்துவிடும். அதனால் அப்பா பின்னால் எடுக்கும் போதெல்லாம் அம்மா இறங்கிக் கழற்றுவாள். எடுத்து முடித்ததும் அவளே மாட்டுவாள். முப்பது வருடமாக அதுதான் வழக்கம்.

"பெட்ரோல் போட்ட இடத்துல பின்னால எடுத்தோம்னு அவங்களே சொன்னாங்கல்ல. காத்துக்கு பயந்து திரும்ப மாட்டாம கையோட எடுத்துக்கிட்டு ஏறிட்டாங்க போல. அப்பாவும் கேக்கல."

"நேத்தே சொல்லியிருக்கலாமே."

"நீ பார்த்த பார்வையைப் பார்த்தேன். சரி, என் மேலயே சந்தேகப்படட்டும்னு விட்டுட்டேன்."

அவள் தண்டைக் கோட்டுக்குள் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். இருவரும் ஆளுக்கு நான்கு நாற்காலிகளோடு உள்ளே போனார்கள்.

அம்மா மூலை மேசையில் விலாவை ஒரு கையால் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தட்டில் யாரோ வைத்துவிட்டுப் போன பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஆறிக் கிடந்தன. மகளை அருகே கூப்பிட்டாள்.

"வண்டியைப் பார்த்தியாமே?"

"பார்த்தேம்மா."

"தண்டு மாட்டியிருந்துச்சா?"

சற்றுத் தள்ளி நாற்காலியை விரித்துக்கொண்டிருந்த லோனி அப்படியே நின்றான்.

"மாட்டித்தான் இருந்துச்சு," என்றாள் ரோண்டா. "அன்னிக்கு அடிச்ச காத்துக்கு எதுவும் நிக்காதும்மா."

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பல் விளக்கினேன் என்று சொன்ன பிள்ளையின் வாயை முகர்ந்து பார்க்கிறவளின் பார்வை அது. பிறகு, "நீ இன்னும் ஒண்ணும் சாப்பிடல," என்று சொல்லி, இறைச்சித் துண்டை முள்கரண்டியால் மெதுவாக இரண்டாக்கி, பெரிய பாதியை மகள் பக்கம் தள்ளினாள்.