சிவகௌரியின் கடிதம்

2006 நவம்பர், ஒரு ஞாயிறு பகல் பன்னிரண்டே காலுக்குத் தனுஷியா தகப்பனோடு போனாள். பன்னிரண்டு நாற்பதுக்குத் தாய் சிவகௌரி வந்து மகளைக் கேட்டாள்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் வாடகை மண்டபத்தில் கூடும் கிறிஸ்தவ சபை அது. ஞாயிறு பள்ளிக்குப் பிரமிளா பொறுப்பு. அவளுக்குக் கீழே சின்ன வகுப்பைப் பார்ப்பவள் வசந்தமலர், அறுபத்திரண்டு வயது. வாசலில் நின்று, வருகிறவரிடம் கையெழுத்து வாங்கித்தான் பிள்ளையை விடுவாள். அன்றும் வாங்கியிருந்தாள்.

"தகப்பன் வந்து நிக்கிறார். பிள்ளை அப்பா எண்டு ஓடிப்போய்க் கழுத்தில தொங்குது. மறிக்க நான் என்ன ஹீத்ரோ இமிகிரேஷனோ?" என்றாள் வசந்தமலர்.

"அந்தாளிட்ட விடக் கூடாது எண்டு கோர்ட் சொல்லியிருக்கு!" சிவகௌரி பிரமிளாவின் பக்கம் திரும்பினாள். "மூண்டு கிழமைக்கு முந்தி எழுதி உங்கட கையில தந்தனான் அக்கா. நீங்கள் இவைக்குச் சொல்லேல்லையோ?"

கடிதம் பிரமிளாவின் கைப்பையில் இருந்தது. வாசித்த அன்றே மடித்து வைத்ததுதான். அதற்கடுத்த சனிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் சொல்ல இருந்தாள். நத்தாருக்குப் போடும் கிறிஸ்து பிறப்பு நாடகத்தில் மேய்ப்பர்களுக்கு என்ன உடுப்பு என்ற பேச்சிலேயே கூட்டம் முடிந்துவிட்டது. பிறகு நினைவே வரவில்லை.

போதகர் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணிக் கோப்பைகளோடு நாலைந்து பெற்றோரும் நின்றார்கள்.

"எல்லாருக்கும் சொன்னனான்" என்றாள் பிரமிளா.

வசந்தமலர் அவளைப் பார்த்தாள். கோபமில்லை. எதையோ தேடுகிற பார்வை.

"சொன்னனீரோ பிள்ளை?" என்றாள். பிறகு சிவகௌரியிடம், "அப்ப நான்தான் மறந்துபோனன். என்னை மன்னிச்சுக்கொள் மோனை."

"உங்கட மறதிக்கு என்ர பிள்ளைதானோ கிடைச்சது?"

வசந்தமலர் தலையைக் குனிந்துகொண்டாள். பிரமிளாவும் குனிந்துகொண்டாள்.

பொலிஸுக்கு அடிக்கப் போதகர் போனை எடுத்தபோது தனுஷியா வாசலில் வந்து நின்றாள். கையில் சிப்ஸ் பொட்டலம். தகப்பன் காரைவிட்டு இறங்காமலே போய்விட்டான். சிவகௌரி மகளைத் தூக்கிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் புறப்பட்டாள்.

"அன்ரி, கொஞ்ச நாளைக்கு நீங்கள் ஓய்வெடுங்கோ" என்றார் போதகர். வசந்தமலர் தலையாட்டினாள். கழுத்திலிருந்த பெயர் அட்டையைக் கழற்றி, நாடாவைச் சுற்றி, மேசையில் வைத்தாள்.

எல்லாரும் போனபின் பிரமிளாவும் வசந்தமலரும் கதிரைகளை அடுக்கினார்கள். ஒவ்வொரு கதிரையை வைக்கும்போதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பிரமிளா நினைத்தாள். கடைசிக் கதிரையும் அடுக்கியாயிற்று. கைப்பையை எடுத்துக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டாள்.

வசந்தமலர் கோட்டுக்குப் பொத்தான் போட்டபடி அருகே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளை, என்ர அம்மாவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது. நீர் சொன்னது எனக்கு ஒரு சொல்லும் நினைவில்லை. நான் ஒருக்கா டொக்டரிட்டப் போய்க் காட்டவோ?"